கேட்கும் முன்னரே பொறுத்தல்



ஞாயிறு பூசையில் பரலோக மந்திரம் முடிந்தபின் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். கைகூப்பி வலப்பக்கம் திரும்புகிறோம், இடப்பக்கம் திரும்புகிறோம், பின்னால் நிற்கிறவருக்கும் தலை வணங்குகிறோம். ஆனால் கோவிலின் ஏதோ ஒரு மூலையை நோக்கி மட்டும் நம்மில் சிலருடைய கழுத்துத் திரும்புவதில்லை. அங்கே நிற்பவர் கூடப் பிறந்த அண்ணனாக இருக்கலாம், சம்பந்தி வீட்டாராக இருக்கலாம், ஒரே தெருவில் அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பாகப்பிரிவினையில் வந்த மனக்கசப்பு, ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏமாந்தது, சாவு வீட்டுக்கு வராமல் இருந்தது, கலியாணத்தில் முறை செய்யாமல் விட்டது என்று காரணம் எதுவாயினும், பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருக்கும். அதற்குப் பின் சற்று நேரத்தில் இருவரும் ஒரே வரிசையில் நன்மை வாங்கப் போகிறார்கள்.

இப்படிப்பட்டவரிடம் போய், "ஏன் ஐயா, பொறுத்துவிடக் கூடாதா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "முதலில் அவன் வந்து கேட்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்பார். இந்தப் பதில் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஊரார் ஒப்புக்கொள்ளும் பதிலும் இதுவே. ஆயினும் சேசுநாதருடைய சீடன் இப்படிச் சொல்லலாமா என்பதைத்தான் இன்றைய பாடத்தில் ஆராயப் போகிறோம்.

ஆண்டவர் காட்டிய ஒழுங்கு

கல்வாரி மலைக்குப் போவோம். நம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தாயிற்று. சேவகர்கள் அவருடைய வஸ்திரங்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். தலைவர்கள் பரிகாசம் பண்ணுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் தம்மைக் கொல்லுகிறவர்களுக்காகப் பிதாவிடம் மன்னிப்புக் கேட்டு மன்றாடுகிறார். அவர்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது என்று அவர்களுக்காகச் சமாதானமும் சொல்லுகிறார். அந்த நிமிஷத்தில் அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை. ஆணியடித்த கைகள் இன்னும் கழுவப்படவில்லை.

அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் 23-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வரிசையாக வாசித்துப் பாருங்கள். முதலில் ஆண்டவருடைய இந்த மன்றாட்டு வருகிறது. அதற்குப் பிறகுதான் நல்ல கள்ளன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்தருளும்படி கேட்கிறான். மன்னிப்பு முந்தியது, மனஸ்தாபம் பிந்தியது. ஊதாரிப் பிள்ளையின் உவமையிலும் இதே ஒழுங்கைத்தான் காண்கிறோம். மகன் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கும் முன்பே, தகப்பன் தூரத்தில் கண்டு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டி முத்தமிடுகிறான்.

அர்ச். முடியப்பர் தம் குருவிடம் இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர். தம்மைக் கல்லால் எறிந்தவர்கள்மேல் அந்தப் பாவத்தைச் சுமத்த வேண்டாமென்று முழங்காலிலிருந்து மன்றாடி உயிர்விட்டார். எறிந்தவர்களுடைய வஸ்திரங்களைக் காத்துக்கொண்டு நின்ற வாலிபன் சவுல். அவனே பிற்பாடு அர்ச். சின்னப்பர் ஆனார். முடியப்பர் செபித்திராவிட்டால் திருச்சபைக்குச் சின்னப்பர் கிடைத்திருக்க மாட்டார் என்பது அர்ச். அகுஸ்தினாருடைய கருத்து.

கடன் கணக்கு

எத்தனை தரம் பொறுக்க வேண்டும், ஏழு தரம் போதுமா என்று அர்ச். இராயப்பர் கேட்டார். ஏழு எழுபது தரம் என்று ஆண்டவர் பதில் சொல்லி, ஓர் உவமையையும் கூறினார். (மத்தேயு 18-ம் அதிகாரம்.) அந்த உவமையில் வரும் தொகைகளை நாம் சரியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

ஊழியன் அரசனுக்குக் கொடுக்க வேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிக்காசுக்குச் சமம். ஒரு வெள்ளிக்காசு அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆகவே அவனுடைய கடன் 6 கோடி நாள் கூலி! வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும், அதை அடைக்க 2 லட்சம் வருஷம் வேண்டும். சக ஊழியன் இவனுக்குக் கொடுக்க வேண்டியதோ 100 வெள்ளிக்காசு, அதாவது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 100 காசு அற்பத் தொகை என்று ஆண்டவர் சொல்லவில்லை. தினக்கூலிக்குப் போகிறவனுக்கு மூன்று மாதக் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பிறர் நமக்குச் செய்த தீங்கு மெய்யான தீங்குதான். நாம் பட்ட நஷ்டம் மெய்யான நஷ்டந்தான். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று அடிபட்டவனிடம் சொல்லுகிறவன் மன்னிப்பைப் போதிக்கவில்லை, அவனுடைய புண்ணைக் கேலி பண்ணுகிறான். ஆனால் சர்வேசுரன் நமக்கு விட்டுக்கொடுத்த கடனுக்குப் பக்கத்தில் நம் நூறு காசை வைத்தால், ஆறு லட்சத்தில் ஒரு பங்குதான் தேறும். பெரிய கடனிலிருந்து விடுதலையாகி வெளியே வந்த கையோடே சக ஊழியனின் கழுத்தைப் பிடித்தானே, அதுதான் அரசனுக்குப் பொறுக்கவில்லை.

பரலோக மந்திரத்தில் நாம் தினமும் கேட்பது இந்தக் கணக்கைத்தான். நமக்குத் தீமை செய்தவர்களுக்கு நாம் எப்படியோ, அப்படியே நமக்கும் செய்யும்படி பிதாவிடம் கேட்கிறோம். "அவன் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்" என்று மனதில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறவன், தனக்கும் அதே அளவைத்தான் கேட்டுக்கொள்ளுகிறான்.

நம் முன்னோர் செபங்களில் 'மன்னித்தல்' என்பதைவிடப் 'பொறுத்தல்' என்ற சொல்லையே அதிகமாய் வழங்கினார்கள். தூண் கூரையின் பாரத்தைப் பொறுக்கிறது என்கிறோம். தாய் வயிற்றிலே பத்து மாதம் பொறுத்தாள் என்கிறோம். பிறன் செய்த தீமையைப் பொறுப்பதென்றால், அவன் நம்மேல் போட்ட சுமையைத் திருப்பி அவன் தலைமேல் எறியாமல் தாங்கிக்கொள்வது. அது கனக்கத்தான் செய்யும். கனக்கிறது என்பதற்காக நாம் பொறுக்கவில்லை என்று ஆகாது.

நெத்தூனோ மருத்துவமனையில்

இத்தாலி நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அர்ச். மரிய கொரற்றியின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். அவளுடைய தாய் அசுந்தாவின் வரலாற்றையும் சேர்த்து இன்று நினைத்துப் பார்ப்போம்.

மரியா 1890-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கொரினால்தோ என்னும் ஊரில் பிறந்தாள். பிழைப்புக்காகக் குடும்பம் ரோமாபுரிக்குத் தெற்கே நெத்தூனோ பட்டணத்துக்கு அருகிலிருந்த சதுப்பு நிலப் பகுதிக்குக் குடியேறியது. அங்கே குத்தகை விவசாயம். 1900-ம் வருஷம் தகப்பன் லூயிஜி மலேரியாக் காய்ச்சலால் இறந்துபோனார். தாய் வயலுக்குப் போனாள்; மரியா வீட்டையும் சிறு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். அதே வீட்டின் மற்றொரு பகுதியில் செரனெல்லி என்ற ஒருவரும் அவர் மகன் அலெக்சாந்திரோவும் குடியிருந்தார்கள்.

1902-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, எல்லாரும் களத்து வேலையில் இருந்தபோது, இருபது வயதான அந்த அலெக்சாந்திரோ மரியாவைப் பாவத்துக்கு வற்புறுத்தினான். அவள் இணங்கவில்லை. அவன் 14 முறை அவளைக் குத்தினான். மறுநாள் ஜூலை 6-ந் தேதி நெத்தூனோ மருத்துவமனையில் அவள் உயிர்விட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை.

கடைசி நன்மை கொடுக்க வந்த குருவானவர், கொன்றவனைப் பொறுக்கிறாயா என்று அவளைக் கேட்டார். சேசுநாதர்மேல் உள்ள சிநேகத்தால் பொறுப்பதாகவும், அவனும் தன்னோடு மோட்சத்தில் இருக்க வேண்டுமென்று விரும்புவதாகவும் அவள் பதில் சொன்னாள்.

அந்த நேரத்தில் அலெக்சாந்திரோ அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டானா? கேட்கவில்லை. நீதிமன்றம் அவனுக்கு 30 வருஷத் தண்டனை விதித்தது. சிறையிலும் முதல் சில வருஷங்கள் அவன் மனம் கல்லாகவே இருந்தது. பிறகு ஒரு மேற்றிராணியார் அவனைச் சிறையில் சந்தித்தார். அக்காலத்தில் அவன் ஒரு சொப்பனம் கண்டான். ஒரு தோட்டத்தில் மரியா நின்று, அவன் கையில் லீலிப் புஷ்பங்களைக் கொடுத்தாள். அதன்பின் அவன் மனந்திரும்பினான். 27 வருஷம் சிறையிலிருந்து, 1929-ல் விடுதலையானான்.

விடுதலைக்குப் பின் ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் அவன் கொரினால்தோவுக்குப் போனான். விதவையான அசுந்தா அங்கே பங்குக் குருவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவன் அவள் முன் நின்று மன்னிப்புக் கேட்டான். தன் மகள் பொறுத்துவிட்டாள், சர்வேசுரனும் பொறுத்துவிட்டார், தான் பொறுக்காமல் இருப்பது எப்படி என்பதே அந்தத் தாயின் பதிலாக இருந்தது. மறுநாள் பூசையில் கொல்லப்பட்டவளின் தாயும் கொன்றவனும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்கினார்கள். அந்தக் கோவிலில் இருந்த மக்கள் அன்று கேட்ட பிரசங்கத்தை மறந்திருக்கலாம். அந்தக் காட்சியை மறந்திருப்பார்களா?

1950-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி, பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மரியாவை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரகடனம் செய்தபோது, தாய் அசுந்தா உயிரோடிருந்து அதைக் கண்டாள். 1954-ல் அவள் காலமானாள். அலெக்சாந்திரோ கப்புச்சின் சபையாரின் மடத்தில் தோட்ட வேலை முதலிய வேலைகள் செய்து, 1970-ல் மரித்தார்.

மரியாவின் மன்னிப்பு 1902-லேயே கொடுக்கப்பட்டாயிற்று. அதை வாங்கிக்கொள்ள அவன் வந்து சேர இருபத்தேழு வருஷங்களுக்கு மேல் ஆனது. அதுவரை அது அவனுக்காகக் காத்திருந்தது. அவன் முதலில் வரட்டும் என்று மரியாவும் காத்திருந்தால், அவளுக்கு அதற்கு நேரமே இருந்திராது. நமக்கும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

நம் நாட்டில்

இது அந்நிய நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். கேரளத்திலே புல்லுவழி என்னும் ஊரில் 1954-ல் பிறந்து, பிரான்சிஸ்கன் கிளாரா சபையில் கன்னியாஸ்திரீயாகிய சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழைப் பயிர்த்தொழிலாளர்கள் கடன்காரர் பிடியிலிருந்து மீள உழைத்தார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, ஓடும் பேருந்தில் மற்றப் பிரயாணிகளின் கண் முன்னே சமுந்தர் சிங் என்பவன் அவரைக் குத்திக் கொன்றான். ஆயுள் தண்டனை கிடைத்தது.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபைக் கன்னியாஸ்திரீ. 2002-ம் வருஷம் அவர் சிறைக்குப் போய், சமுந்தர் சிங்கின் கையில் ராக்கிக் கயிறு கட்டி அவனைத் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். தாய் எலீஸ்வாவோ, தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று சொல்லி அவனுடைய கைகளை முத்தமிட்டார். அவனுடைய விடுதலைக்குக் குடும்பத்தாரே ஆதரவாக நின்றார்கள். 2006-ல் அவன் விடுதலையாகி, பின்னர் புல்லுவழிக்குப் போய்ப் பெற்றோரைச் சந்தித்தான். 2017-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி இந்தூர் நகரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

பெற்ற மகளைக் கொன்றவனின் கையைப் பிடிக்க இந்தத் தாய்மாரால் முடிந்தது. நம் அண்ணன் தம்பியின் வீட்டு வாசலை மிதிக்க நம்மால் முடியவில்லை.

சில சந்தேகங்களும் விடைகளும்

"பொறுத்துவிட்டேன் என்கிறேன்; ஆனாலும் நினைத்தால் நெஞ்சு எரிகிறதே. அப்படியானால் நான் பொறுக்கவில்லையா?"

நெஞ்சு எரிவது பாவமல்ல. தீங்கை நினைவிலிருந்து அழிப்பது நம் கையில் இல்லை. அவனுக்குக் கெடுதி வர வேண்டுமென்று விரும்பாமலிருப்பதும், அவன் ஆத்துமத்துக்கு நன்மை வேண்டுமென்று கேட்பதும் நம் கையில் இருக்கிறது. நேற்றுப் பொறுத்தது இன்று மறுபடியும் எரிந்தால், இன்று மறுபடியும் பொறுங்கள். ஏழு எழுபது தரம் என்பது ஒரே குற்றத்துக்கும் பொருந்தும்.

"அவன் மனந்திரும்பவே இல்லை. அவனோடு எப்படி உறவு கொண்டாடுவது?"

பொறுத்தலுக்கு ஒருவர் போதும். சமாதானத்துக்கு இருவர் வேண்டும். அவன் வராதவரை சமாதானம் முழுமையாகாமல் இருக்கலாம். அது உங்கள் குற்றமல்ல. உங்கள் பக்கத்துக் கதவைத் தாழ்ப்பாள் இல்லாமல் வைத்திருப்பதுதான் உங்கள் கடமை.

"கிறிஸ்தவன் பொறுக்க வேண்டுமென்றால், திருடினவனைப் போலீசில் ஒப்படைக்கலாகாதா? ஏமாற்றினவனுக்கு மறுபடியும் கடன் கொடுக்க வேண்டுமா?"

அலெக்சாந்திரோ 27 வருஷம் சிறையில் இருந்தான் என்பதைப் பார்த்தோம். மரியாவின் மன்னிப்பு சிறைக் கதவைத் திறந்துவிடவில்லை. நியாயம் கேட்பது வேறு, வஞ்சம் தீர்ப்பது வேறு. நம் சொத்தையும் மற்றவர்களையும் காப்பாற்ற வழக்குப் போடலாம். அவன் குடும்பம் நாசமாய்ப் போக வேண்டுமென்று வழக்குப் போடலாகாது. மறுபடியும் கடன் கொடுப்பது விவேகத்தைப் பொறுத்த காரியம்.

"வீட்டிலேயே தினமும் அடிபடுகிற பெண் என்ன செய்வாள்? பொறுத்துக்கொண்டு இரு என்றுதானே எல்லாரும் சொல்லுகிறார்கள்?"

அப்படிச் சொல்லுகிறவர்கள் பொறுத்தல் என்னும் சொல்லைத் தப்பாக வழங்குகிறார்கள். அடிக்கிறவனுடைய கைக்குத் தன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்கச் சேசுநாதர் எந்தப் பெண்ணுக்கும் கட்டளையிடவில்லை. அவள் தன்னையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பங்குக் குருவிடமும் பெற்றோரிடமும் போலீசிடமும் சொல்லலாம். இதில் பாவம் ஏதுமில்லை. மேலும் பாவம் செய்யாதபடி அவனைத் தடுப்பது அவன் ஆத்துமத்துக்கும் உதவியே. பத்திரமான இடத்தில் இருந்துகொண்டே அவனுக்காகச் செபிக்கலாம், மனதாரப் பொறுக்கவும் செய்யலாம்.

"தப்பு என்னுடையதாக இருந்தால்?"

அப்படியானால் இந்தக் கட்டுரையை அவருக்குக் கொடுத்து, "நீர் பொறுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்" என்று சொல்ல வேண்டாம். பீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டும் என்பது ஆண்டவருடைய கட்டளை. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். பேசியதைத் திரும்பப் பெறுங்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

முதலாவது, இன்றிரவு குடும்பச் செபத்தில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பொறுத்தலைப் பற்றிய மன்றாட்டு வந்ததும் ஒரு கணம் நிறுத்துங்கள். உங்கள் மனதில் வருகிற பெயரை மனதுக்குள்ளேயே சொல்லி, மேலே தொடருங்கள். எட்டு நாளும் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் அந்தப் பெயர் தொண்டையில் சிக்கும். எட்டாம் நாள் அவ்வளவு சிக்காது.

இரண்டாவது, பிள்ளைகள் கேட்க அந்த ஆளைப் பற்றிக் குறை பேசுவதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். நம் பகை நம்மோடு போய்விட்டாலும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பகை நமக்குப் பின்னும் இருக்கும். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாமல் வளருகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

மூன்றாவது, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, "கோபப்பட்டேன்" என்று மொத்தமாகச் சொல்லாமல், இத்தனை வருஷமாக இன்னாரோடு பேசவில்லை என்று ஆளின் பெயர் சொல்லாமல் உள்ளபடி சொல்லி, புத்திமதி கேளுங்கள்.

நான்காவது, வருகிற ஞாயிறு சமாதானம் சொல்லும்போது, திரும்பாத அந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பிக் கைகூப்புங்கள். அவர் பார்க்காமலிருக்கலாம், பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பாதகமில்லை. மரியாவின் மன்னிப்பும் வெகுகாலம் பதிலில்லாமல்தான் காத்திருந்தது.

செபிப்போமாக:

எங்கள் ஆண்டவராகிய சேசுவே, நாங்கள் கேட்கும் முன்னரே எங்களுக்காகச் சிலுவையில் மன்றாடினீரே. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நீர் அறிவீர்; அவர்கள் செய்ததையும், அது எங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதையும் அறிவீர். அவர்கள் வரும்வரை காத்திராமல் இன்றே அவர்களைப் பொறுக்க எங்களுக்கு வரப்பிரசாதம் தந்தருளும். ஒரே பந்தியில் உம்மை உட்கொள்ளுகிற நாங்கள், உம்முடைய மோட்ச இராச்சியத்திலும் ஒருவரையொருவர் முகம் பார்க்கச் செய்தருளும். ஆமென்.